பத்துக்கு எத்தன வலின்னு கேட்டா என்ன சொல்றது?

வாசகர் கேள்விகள், மயக்க டாக்டர் பதில்கள்

போன இதழ்ல எடை குறைக்குற ஆபரேஷனுக்கு எப்படி மயக்கம் குடுக்கிறோம்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் முக்காவாசி ஒரே கேள்விதான், மயக்கம் தெளிஞ்சப்புறம் எவ்ளோ வலிக்கும், வலிச்சா யார்கிட்ட எப்படி கேக்குறதுன்னு. அதனால இந்த தடவ வேற எந்த கேள்வியும் எடுக்கல, ஆஸ்பத்திரில இருக்குற அந்த ரெண்டு மூணு நாள் வலிய பத்தியும் அத ஒட்டி வந்ததும் மட்டும்தான்.

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயசு, 118 கிலோ. அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல ஸ்லீவ் ஆபரேஷன், எடை குறைய இரைப்பைய வெட்டி சின்னதாக்குறது. ரெண்டு பிரசவமும் சிசேரியன். ரெண்டாவது தடவ ராத்திரி வலி தாங்காம கூப்பிட்டப்போ "இவ்ளோ பெரிய உடம்ப வெச்சுகிட்டு இதுக்கே கத்துறியா"ன்னு ஒருத்தங்க சொன்னாங்க, அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல. இப்ப மறுபடியும் அதே ஞாபகம் வருது. எவ்ளோ வலிக்கும்? பல்ல கடிச்சுகிட்டு இருந்துடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தங்கச்சி, பல்ல கடிச்சுகிட்டு இருக்கவே கூடாது. அத மொதல்ல சொல்லிடறேன், மத்தத அப்புறம் பேசலாம்.

உங்ககிட்ட அப்படி சொன்னது தப்பு. உடம்பு பெருசா இருந்தா வலி கம்மியா தெரியும்னு எந்த மருத்துவ புஸ்தகத்துலயும் இல்ல. நான் பயிற்சில இருந்தப்போ ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்ச ஒரு அம்மாவ காலைல ரவுண்ட்ஸ்ல பாத்தேன், நல்ல பருமனானவங்க, அழுது அழுது தலகாணி உறை நனஞ்சிருந்துச்சு. ஏம்மா ராத்திரி கூப்பிடலன்னு கேட்டா "உடம்ப இப்படி வளத்துகிட்டது நான்தானே டாக்டர், அனுபவிக்க வேண்டியதுதான"ன்னாங்க. சார்ட்ட எடுத்து பாத்தா வலி எவ்ளோன்னு எழுதுற கட்டத்துல ராத்திரி பூரா சைபர். யாரும் கேக்காமலே போட்ட சைபர். முந்தின நாள் சாயந்திரம் அந்த கட்டில தாண்டி போனவங்கள்ல நானும் ஒருத்தி, அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. இப்ப எடை குறைப்பு ஆபரேஷனுக்கு வர்றவங்க கிட்ட முந்தின நாளே பக்கத்துல உக்காந்து பேசிட்டுதான் வர்றேன், ஏன்னா வலிச்சாலும் கேக்காம இருக்குறவங்க இவங்கள்லதான் நெறைய, இத்தன வருஷமா எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கி வாங்கி, நமக்கு இது வேணும்னு கேக்குற தைரியமே போயிடுது.

சரி, எவ்ளோ வலிக்கும்? சிசேரியன்ல அடிவயித்த ஒரே நீளமா கிழிச்சு தைக்கிறாங்க. ஸ்லீவ் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு பண்றது, அஞ்சு ஓட்டை போடுவாங்க, 5 மில்லிமீட்டர்லேர்ந்து 15 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், அதனால சிசேரியன் அளவுக்கு கிழிச்ச வலி இருக்காது. ஆனா இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுக்குறாங்க இல்லையா, அந்த துண்ட அதுல ஒரு ஓட்டை வழியாதான் வெளிய இழுக்கணும், அந்த ஓட்டை மட்டும் மத்ததவிட அதிகமா வலிக்கும், இருமினா, பெட்லேர்ந்து எந்திரிச்சா அந்த எடத்துல சுருக்குனு இழுக்கும். இந்த ஒரு எடம் மட்டும் ஏன் இப்படி வலிக்குதுன்னு பயந்துடாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு மொத 24 மணி நேரம்தான் கஷ்டம், மூணாவது நாள்ல நல்ல வித்தியாசம் தெரியும்.

நாங்க என்ன பண்றோம்னா ஒரே பெரிய மருந்த நம்பாம பல சின்ன மருந்த சேத்து குடுப்போம். ஓட்டை போடுற எடத்துல பூபிவகெய்ன் மாதிரி மரத்துப்போற மருந்து ஊசி, இல்லன்னா அல்ட்ராசவுண்ட் வெச்சு பாத்து வயித்து சதை அடுக்குக்கு நடுவுல நரம்ப மரக்க வைக்கிற பிளாக். அப்புறம் பாராசிட்டமால் ட்ரிப், பெரியவங்களுக்கு வழக்கமா 1 கிராம், 6 மணிக்கொரு தடவ, ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல கிடையாது, கல்லீரல் சரியில்லன்னா அதுலயும் கொறைப்பாங்க. வலி இருக்கோ இல்லையோ மணி அடிச்சா மாதிரி இது போயிட்டே இருக்கணும், இப்ப வலி இல்ல சிஸ்டர் இந்த வேளை வேணாம்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, விட்ட வேளைக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு அனுபவிப்பீங்க. இத்தனைக்கும் மேல வலிச்சாதான் ட்ரமடால், ஃபென்டனில் மாதிரி பலமான மருந்து.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மரத்துப்போற ஊசி சில மணி நேரம்தான் தாங்கும். காலைல ஆபரேஷன் முடிஞ்சு சாயந்திரம் சொந்தக்காரங்க வந்து பாக்கும்போது "அட வலியே இல்லையே"ன்னு சிரிச்சு பேசிகிட்டு இருப்பீங்க, ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு அந்த ஊசி வேகம் எறங்க ஆரம்பிக்கும், சரியா டூட்டி மாறுற நேரம் வேற. அதனால லேசா வலி எட்டி பாக்கும்போதே சொல்லிடுங்க. பலமான மருந்தெல்லாம் சட்டப்படி பூட்டி வெச்சு ரெஜிஸ்டர்ல எழுதிதான் எடுக்கணும், 1985ல வந்த போதை மருந்து சட்டம் அப்படி, சிஸ்டர் சாவி வாங்கி எழுதி கையெழுத்து போட்டு மருந்த ஏத்திட்டு வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் ஆயிடும், தாங்க முடியாம போனப்புறம் கேட்டா அந்த நேரம் ஒரு யுகமா தெரியும்.

பத்துக்கு எத்தன வலின்னு கேப்பாங்க. 0ன்னா வலியே இல்ல, 10ன்னா உங்களால நெனச்சு பாக்க முடியுற மோசமான வலி. அதுல ரெண்டு நம்பர் சொல்லுங்க, "படுத்திருந்தா 2, இருமினா 7". நிறைய பேர் அசையாம படுத்துகிட்டு 2ன்னு மட்டும் சொல்லிடறாங்க, சார்ட்டும் அழகா இருக்கும், ஆனா அவங்களால எந்திரிச்சு நாலு அடி நடக்க முடியாது. வலியே இல்லாம பண்றேன்னு நான் உங்களுக்கு வாக்கு குடுக்க மாட்டேன். இழுத்து மூச்சு விடணும், இரும முடியணும், அன்னிக்கு சாயந்திரமே ஒருத்தர் கைய புடிச்சுகிட்டு வராண்டால நடக்கணும், அந்த அளவுக்கு வலி கொறஞ்சே ஆகணும். வலிக்கு பயந்து மேலோட்டமா மூச்சு விட்டா நுரையீரல் அடில சுருங்கி சளி கட்டும், நடக்காம இருந்தா கால்ல ரத்தம் உறையும், அதனால நீங்க மருந்து கேக்குறது சொகுசுக்கு இல்லம்மா, ஆபரேஷன் நல்லபடியா முடியுறதுல அதுவும் ஒரு பாகம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி உங்கள பாக்க வர்ற மயக்க டாக்டர்கிட்ட அந்த சிசேரியன் ராத்திரிய பத்தி அப்படியே சொல்லுங்க. அழுதாலும் பரவால்ல, சொல்லுங்க.

கேள்வி: என் மச்சானுக்கு மூணு நாள் முன்னாடி சென்னைல பைபாஸ் ஆபரேஷன் ஆச்சு, எடை குறைக்கத்தான், இரைப்பைய சின்னதாக்கி குடலோட சேத்து தைக்கிறது. வயித்த விட வலது தோள்பட்டைதான் உயிர் போகுதுங்குறார். அம்மா கேஸ் புடிச்சிருக்குன்னு ஓம வாட்டரும் கோலி சோடாவும் வாங்கிட்டு வர சொல்றாங்க. ஹார்ட்டா இருக்குமோன்னு எனக்கு பயமா இருக்கு. (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: அம்மா சொன்னதுல பாதி சரி, கேஸ்தான். ஆனா அது இரைப்பைக்குள்ள இருக்குற கேஸ் இல்ல. லேப்ராஸ்கோப்பி பண்ணும்போது உள்ள எடம் தெரியணும்னு வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்ஸைட அடிச்சு கூடாரம் மாதிரி தூக்குவாங்க, முடிஞ்சப்புறம் வெளிய எடுத்துடுவாங்க, மிச்சம் மீதி கொஞ்சம் மேல ஏறி உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற சதைக்கு, கீழ தங்கிடும். அந்த உதரவிதானத்துக்கு போற நரம்பும் தோள்பட்டை தோலுக்கு போற நரம்பும் கழுத்துல ஒரே எடத்துலேர்ந்து கெளம்புது, மூளைக்கு எது எங்கேர்ந்து வருதுன்னு பிரிச்சு பாக்க தெரியல, தோள்பட்டை வலிக்குதுன்னு எடுத்துக்குது. அந்த கேஸ ரத்தம் தானா உறிஞ்சிடும், ரெண்டு மூணு நாள்ல கொறஞ்சு போயிடும். நடக்க சொல்லுங்க, வெந்நீர் பை ஒத்தடம் தோள்ல குடுக்கலாம், சூடு அதிகமாயிட கூடாது.

சோடா வேணவே வேணாம், தயவுசெஞ்சு. பைபாஸ்ல இப்ப அவருக்கு இருக்குற இரைப்பை ஒரு முட்டை சைஸ்தான், அதுல போட்ட தையல் இன்னும் ஆறல, சோடா உள்ள போய் பொங்குனா அவர் துடிச்சு போயிடுவார். ஓம வாட்டரும் இந்த கேஸ தொடவே தொடாது, வேற எடத்துல இருக்கு அது. தண்ணி கூட மருந்து மூடில 30 மில்லி எடுத்து அத 15 நிமிஷமா உறிஞ்சி உறிஞ்சி குடிக்கணும். ஒரே மடக்குல விழுங்கினா நெஞ்சுக்கு நடுவுல கல்ல வெச்சு அமுக்குன மாதிரி வலிக்கும், அந்த வலி வந்தா மருந்து தேடாதீங்க, குடிக்கிறத நிறுத்திட்டு நேரா உக்கார வைங்க.

ஹார்ட்டுன்னு பயந்தீங்களே, அந்த பயம் தப்பில்ல. தோள்வலி நாளுக்கு நாள் கூடுனாலோ, இடது தோள்லயும் வந்து கூடவே மூச்சு வாங்கினாலோ, நாடித்துடிப்பு எகிறினாலோ, வேர்த்து கொட்டினாலோ கேஸ்னு விட்டுடாம உடனே டூட்டி டாக்டர கூப்பிடுங்க, டிஸ்சார்ஜ் ஆயிருந்தா ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு போங்க. அதுக்கு காரணம் கீழ சிஸ்டர் ஒருத்தங்க கேள்வில வருது.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் அன்னிக்கு ஒரு பம்பு மாட்டி கைல பட்டன் குடுத்திருந்தாங்க, வலிச்சா அவரே அழுத்திக்கணுமாம். அவர் தூங்கிட்டார், தூக்கத்துல முனகுனார், பாவம்னு நான் ரெண்டு தடவ அழுத்தினேன். சிஸ்டர் பாத்துட்டு என்ன அப்படி திட்டிட்டாங்க. குறட்டை விடுவாருங்குறதால பலமான ஊசியும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. குறட்டைக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்? நான் செஞ்சது அவ்ளோ பெரிய தப்பா? (வாசகி, மதுரை)

பதில்: பாசத்துல செஞ்சீங்க, எனக்கு புரியுது, ஆனா ஆமாம்மா, ஆபத்தான காரியம். சிஸ்டர் பொறுமையா சொல்லியிருக்கலாம், ஆனா அவங்க பதறுனதுக்கு காரணம் இருக்கு.

அந்த பட்டன அழுத்தினா ஒரு சின்ன அளவு மார்ஃபின் இல்லன்னா ஃபென்டனில் போகும், திரும்ப போகாம சில நிமிஷம் பூட்டிக்கும், எத்தன தடவ அழுத்தினாலும் அதுக்குள்ள போகாது. அதவிட பெரிய பாதுகாப்பு என்னன்னா மருந்து அதிகமானா மனுஷனுக்கு மொதல்ல தூக்கம் வரும், தூங்குறவர் பட்டன அழுத்த மாட்டார், மருந்து தானா நின்னுடும். மூச்சு கொறையறது அந்த தூக்கத்துக்கு அடுத்த படி. நீங்க பக்கத்துல உக்காந்து அழுத்தும்போது அந்த பாதுகாப்பு போயிடுது. அதனால அந்த பட்டன பேஷண்ட்ட தவிர பொண்டாட்டி, புள்ள, அம்மா யாரும் தொடக்கூடாது. தூக்கத்துல முனகினா அவர எழுப்பி "வலிக்குதாங்க"ன்னு கேளுங்க. எழுப்புனா எந்திரிக்காம திரும்ப திரும்ப சொக்கி விழுந்தார்னா அப்பதான் சிஸ்டர ஓடி போய் கூப்பிடணும்.

குறட்டை விஷயம். எடை அதிகம் இருக்குறவங்கள்ல நிறைய பேருக்கு தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு சில வினாடி நின்னு நின்னு வரும், ஸ்லீப் அப்னியான்னு பேரு. பக்கத்துல படுக்குறவங்களுக்குதான் தெரியும், குறட்டை சத்தமா போயிட்டே இருந்து திடீர்னு ஒரு நிசப்தம், அப்புறம் திணறிகிட்டு ஒரு இழுப்பு. மூச்சு நின்னா சாதாரணமா மூளை தட்டி எழுப்பி விட்டுடும். மார்ஃபின் வகை மருந்து அந்த மூளையையே மந்தமாக்கிடும். அதனாலதான் இவங்களுக்கு பாராசிட்டமால், மரத்துப்போற ஊசின்னு மத்தத முழுசா குடுத்துட்டு பலமானத கொஞ்சமா, விரல்ல கிளிப்பு மாட்டி ஆக்ஸிஜன் அளவ பாத்துகிட்டே குடுக்கிறோம். இன்னொன்னு, பெரிய உடம்புன்னா மருந்தும் அதே கணக்குல ஏத்தணும்னு சிலர் நெனக்கிறாங்க, அப்படி இல்ல, நிறைய மருந்துக்கு கொழுப்ப விட்டுட்டு உள்ள இருக்குற உடம்பு எடைய வெச்சுதான் கணக்கு.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், குறட்டைய காரணமா காட்டி ஒண்ணுமே குடுக்காம விடறதும் சரியில்ல. பலமான ஊசி குடுக்க மாட்டோம்னா அதுக்கு பதிலா என்ன குடுக்க போறீங்கன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, மரியாதையா ஆனா விடாம கேளுங்க. வீட்டுல சிபாப் மெஷின், அதான் தூக்கத்துல தொண்டை அடைக்காம காத்து தள்ளுற மெஷின், வெச்சிருந்தா அத ஆஸ்பத்திரிக்கு கண்டிப்பா எடுத்துட்டு போங்க, பெட்டோட தலைமாட்ட உயர்த்தி வெச்சு படுக்க வைங்க.

கேள்வி: மேடம், நான் ஸ்டாஃப் நர்ஸ், சர்ஜிக்கல் வார்டு நைட் டூட்டி. பேரியாட்ரிக் (எடை குறைப்பு ஆபரேஷன்) பேஷண்ட் ஒருத்தர் வலி வலின்னு திரும்ப திரும்ப கூப்பிட்டா எது சாதாரண வலி, எது சர்ஜன தூக்கத்துலேர்ந்து எழுப்ப வேண்டிய வலின்னு எப்படி முடிவு பண்றது? சும்மா எழுப்புனா திட்டு விழுது. (வாசகி, ஊர் வேண்டாம்)

பதில்: சிஸ்டர், இந்த கேள்விய கேட்டதுக்கே உங்கள கையெடுத்து கும்பிடணும். மேல சில எடத்துல சிஸ்டர்கள பத்தி வந்திருக்கு, ஆனா ராத்திரில ஒத்த ஆளா எத்தன பெட்ட பாக்குறீங்கன்னு எனக்கு தெரியும்.

எழுதுன மருந்தெல்லாம் நேரத்துக்கு போயும் வலி எறங்காம ஏறிகிட்டே போனா அத மருந்து பத்தலன்னு எடுத்துக்காதீங்க, உள்ள ஏதோ நடக்குதுன்னு எடுத்துக்குங்க. நாம பயப்படறது இரைப்பைல போட்ட தையல்ல கசிவு. சாதாரண வயித்துல கசிஞ்சா தொட்டாலே பலகை மாதிரி இறுகி இருக்கும், இவங்களுக்கு கொழுப்பு அடுக்கு இருக்கறதால கை வெச்சு பாத்தா ஒண்ணுமே தெரியாம இருக்கலாம், அந்த மென்மைய நம்பி ஏமாந்துடாதீங்க. வயித்த விட நாடித்துடிப்ப நம்புங்க. 120க்கு மேல போய் எறங்காம நின்னா, காய்ச்சல் இல்லன்னாலும் வலி சுமார்தான்னு அவரே சொன்னாலும் சர்ஜன எழுப்புங்க. மூச்சு வேகமாகுறது, இடது தோள்ல வலி, ஒண்ணுக்கு கொறையறது, அப்புறம் ஒரு இனம் புரியாத தவிப்பு, "எனக்கு என்னமோ பண்ணுது சிஸ்டர்"னு உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம இருப்பாங்க பாருங்க, அத லேசா எடுத்துக்காதீங்க. வயித்துலேர்ந்து வெளிய விட்டிருக்குற ட்ரெயின் குழாய்ல ரத்தம் வந்தாலோ பிரஷர் எறங்கினாலோ சொல்லவே வேண்டாம். ஒரு கால் மட்டும் ஆடுசதைல வலிச்சு வீங்கினா ரத்தக்கட்டான்னு பாக்கணும், திடீர்னு மூச்சு முட்டினா நேரா அவசர கேஸ்தான்.

அப்படி இருக்கும்போது இன்னொரு ட்ரமடால் போட்டு தூங்க வெச்சுட்டா விடியற வரைக்கும் யாருக்கும் தெரியாது. போன் பண்ணும்போது "வலிங்குறார் சார்"னு சொல்லாதீங்க, "பாராசிட்டமால் 10 மணிக்கு போயிருக்கு, ட்ரமடால் 11 மணிக்கு, வலி 8, பல்ஸ் 126, ஒரு மணி நேரமா எறங்கல"ன்னு நம்பரா சொல்லுங்க, நேரத்தோட நோட்ஸ்ல எழுதுங்க. இதுக்கும் திட்டுனா திட்டட்டும் சிஸ்டர். வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு போனா அது நல்ல சேதிதான்.

பேஷண்ட் வீட்டுக்காரங்களும் இத படிச்சு வெச்சுக்குங்க, கசிவு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போனப்புறமும் வரலாம்.

கேள்வி: பைபாஸ் பண்ணி எட்டு மாசம் ஆச்சு, 34 கிலோ கொறஞ்சிருக்கு. முட்டி வலி மட்டும் அப்பப்போ வரும், மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கி போட்டுக்கறேன், ஆஸ்பத்திரில அத போடவே கூடாதுன்னு சொன்ன ஞாபகம். மாத்திரைக்கு பதிலா ஊசியா போட்டா பரவால்லையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, இன்னிக்கே நிறுத்துங்க. பைபாஸ்ல இரைப்பையையும் குடலையும் சேத்து தச்ச ஜாயிண்ட் இருக்கு, டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென், அசெக்லோஃபெனாக் வகை மாத்திரை அந்த எடத்துல புண்ண உண்டாக்கும், ரத்தம் கசியும், ஓட்டையே விழுந்து அவசர ஆபரேஷன் வரைக்கும் போன கேஸ நான் தியேட்டர்ல பாத்திருக்கேன். ஊசியா போட்டாலும் ரத்தம் வழியா போய் அதே வேலையதான் செய்யும், அது மாத்திரை பட்டு வர்ற புண் இல்ல. பாராசிட்டமால்னு நெனச்சு வாங்குற மாத்திரைல கூட அசெக்லோஃபெனாக் சேந்திருக்கும், அட்டைய திருப்பி பேர படிங்க. மெடிக்கல்ல "முட்டி வலிக்கு ரெண்டு வேளைக்கு குடுங்க"ன்னு கேட்டு காகிதத்துல மடிச்சு குடுக்குற செட்டு மாத்திரைய வாங்கவே வாங்காதீங்க, அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு தெரிய வழியே இல்ல. சிகரெட் பழக்கம் இருந்தா அதுவும் அதே எடத்துல புண்ண வரவைக்கும். மலம் கருப்பா தார் மாதிரி போனாலோ சாப்பிட்டதும் மேல்வயிறு எரிஞ்சாலோ சர்ஜன்கிட்ட போய் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டு பாக்குறது, பண்ணிக்குங்க. ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் சாப்பிடறவங்க இத படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.

ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு குடல்ல அந்த ஜாயிண்ட் கிடையாது, அதனால சில சர்ஜன்கள் ஆஸ்பத்திரில இருக்குற ஒண்ணு ரெண்டு நாளைக்கு மட்டும் கிட்னி நல்லா இருக்கான்னு பாத்து இந்த வகை ஊசிய குடுப்பாங்க. அத பாத்துட்டு பைபாஸ்காரங்க நமக்கும் குடுங்கன்னு கேக்க வேணாம்.

கேள்வி: அக்காவுக்கு துணைக்கு நான்தான் ஆஸ்பத்திரில தங்க போறேன். வலி கொறைய நான் என்ன எடுத்துட்டு போகணும்? (வாசகி, சேலம்)

பதில்: ஒரு சின்ன தலகாணி, கொஞ்சம் கெட்டியானது. இருமும்போதும் எந்திரிக்கும்போதும் அத வயித்து மேல வெச்சு ரெண்டு கையாலயும் அணைச்சு அமுக்கிக்க சொல்லுங்க, பாதி வலி அதுலயே அடங்கும். எந்திரிக்கும்போது நேரா தூக்காதீங்க, ஒருக்களிச்சு படுக்க வெச்சு, காலை கட்டிலுக்கு வெளிய தொங்க விட்டு, முழங்கைய ஊனி எந்திரிக்க சொல்லுங்க. மூணு பந்து இருக்குற மூச்சு பயிற்சி டப்பா குடுப்பாங்க, எல்லாரும் அத ஊதுறாங்க, ஊதக்கூடாது, உள்ள இழுக்கணும், வலி மருந்து போயி அர மணி நேரம் கழிச்சு செஞ்சா சுலபமா வரும். மருந்து போன நேரத்த எழுதி வைக்க ஒரு சின்ன நோட்டு. அப்புறம் முன்னாடி பட்டன் வெச்ச லூசான நைட்டி ரெண்டு, தலை வழியா மாட்டுறது வேணாம், கைய மேல தூக்கும்போதெல்லாம் வயித்துல இழுக்கும்.